என்டுரோ வண்டிக்கு 17 அங்குலச் சில்லுப் பூட்டினால் அது சூப்பர்மோட்டோ ஆகிவிடுமா?

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரே ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினையும் ஒரே சட்டகத்தையும் வைத்துக்கொண்டு நிறுவனங்கள் மண், மணல் பாதைகளுக்கான என்டுரோ, தார் வீதிக்கேற்பச் சிறிய 17 அங்குலச் சில்லுகளோடு வரும் சூப்பர்மோட்டோ என்று இரண்டு வண்டிகளை எப்படிச் செய்கின்றன என்பது ஒன்று. கையில் இருக்கும் என்டுரோவின் சில்லுகளை மட்டும் மாற்றி அதே பலனைப் பெறலாமா என்பது மற்றது. இரண்டாவதற்கு என் பதில், முடியாது என்பதே. திருகோணமலையில் 250 சிசி ஜப்பானிய ட்ரெயில் பைக் (என்டுரோ வகை வண்டி) ஒன்றைப் பல ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். அந்த மாற்றத்தை அதே வண்டியில் செய்து பார்த்திருப்பதால், காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

முதலில், ஏன் ஒற்றைச் சிலிண்டர்? மலிவாகச் செய்யலாம் என்பதற்காக என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது உண்மையின் ஒரு பகுதி மட்டுமே. புல்மோட்டைப் பக்கம் மணல் பாதையில் இறங்கிப் பார்த்தவருக்கு மீதிக் காரணம் விளங்கும். அங்கே இருக்கையில் இருந்துகொண்டு ஓட முடியாது. எழுந்து நின்று, முழங்கால்கள் இரண்டாலும் வண்டியின் இடுப்பைப் பிடித்து, முன்சில்லு தானாக வழி தேடிக்கொள்ள விட வேண்டும். அந்த இடுப்பு ஒல்லியாக இருக்க வேண்டும் என்பதிலிருந்துதான் வடிவமைப்பே தொடங்குகிறது. பக்கத்தில் இன்னொரு சிலிண்டர் வந்தால் அகலம் கூடும், பாரமும் கூடும்.

இதற்குக் கொடுக்கும் விலை அதிர்வு. பிஸ்டன் மேலும் கீழும் ஓடுவதால் எழும் விசையைக் கிராங்கில் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டில்) எதிர்ப்பாரம் வைத்து முழுவதுமாக அடக்க இயலாது; முழுப் பாரத்தையும் எதிர்த்து வைத்தால், மேல்கீழாக இருந்த அதிர்வு முன்பின்னாகத் திரும்பிவிடும். ஆகவே ஏறத்தாழ அரைப்பங்கைக் கிராங்கின் எதிர்ப்பாரமும், மிகுதியைக் கிராங்குக்கு எதிர்த்திசையில் அதே வேகத்தில் சுழலும் ஒரு பலன்சர் தண்டும் ஏற்றுக்கொள்கின்றன. கேடிஎம் நிறுவனம் 1987இல் தொடங்கிய எல்சி4 எஞ்சின் வரிசை இன்று 693 சிசி வரை வளர்ந்திருக்கிறது; அதன் 690 என்டுரோ ஆர், சூப்பர்மோட்டோ வகையான 690 எஸ்எம்சி ஆர் வண்டிகளில் 2019 முதல் சிலிண்டர் ஹெட்டுக்குள் இரண்டாவது பலன்சர் தண்டும் வைக்கப்பட்டது. ஒரு சிலிண்டரை இவ்வளவு பெரிதாக்கிவிட்டு அதை ஓட்டுபவரின் கைக்கு இதமாக்குவது எவ்வளவு கடினம் என்பதை அந்தச் சிறிய தண்டு சொல்கிறது.

எஞ்சினின் அளவுகளைப் பார்த்தால் வளர்ச்சியின் திசை தெரியும். 1976இல் சந்தைக்கு வந்த யமஹா எக்ஸ்டி500இன் சிலிண்டர் விட்டம் 87 மில்லிமீற்றர், பிஸ்டன் ஓட்டம் 84. அதாவது ஏறக்குறைய சமம். முதலாவது பாரிஸ்-டக்கார் பந்தயத்தில் 1979இல் சிரில் நெவூ வென்றது அந்த வண்டியில்தான். கேடிஎம்மின் 690இல் ஒரு காலத்தில் 102க்கு 84.5 ஆக இருந்த அளவு, பின்னர் 105க்கு 80 ஆனது. கொள்ளளவு கிட்டத்தட்ட அதேதான், ஓட்டம் மட்டும் குறுகியிருக்கிறது. நிமிடத்துக்கு 8,000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் இதனால் செக்கனுக்கு 22.5 மீற்றரிலிருந்து 21.3 மீற்றராகக் குறைகிறது. காகிதத்தில் சிறிய வித்தியாசம்போலத் தெரியும். ஆனால் பிஸ்டனையும் அதைக் கிராங்கோடு இணைக்கும் கொன்றோட்டையும் இழுக்கும் விசை சுற்றுவேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால், உச்சச் சுற்றில் அது பெரிய ஆறுதல்.

எஞ்சினைச் சட்டகத்துக்குள் எங்கே வைப்பது என்பதிலும் துணிச்சலான முயற்சிகள் நடந்தன. சுவீடன் நிறுவனமான ஹஸ்க்வர்னாவின் மோட்டார் சைக்கிள் பிரிவு 1987இல் இத்தாலியின் கஜீவாவுக்கு விற்கப்பட்டபோது, சுவீடனிலேயே தங்கிவிட்ட பொறியியலாளர்கள் சிலர் ஹுசபெர்க் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2009ஆம் ஆண்டு மாடல்களில் அந்த நிறுவனம் சிலிண்டரை 70 பாகை முன்னோக்கிச் சாய்த்து, கிராங்கை மேலும் பின்னுமாக நகர்த்தி, வண்டியின் ஈர்ப்பு மையத்துக்கு அருகே கொண்டுவந்தது. வேகமாகச் சுழலும் பாரம் ஈர்ப்பு மையத்திலிருந்து தள்ளியிருந்தால் வண்டியைச் சாய்க்கும்போது அது எதிர்த்து நிற்கும் என்பதே அதன் பின்னால் இருந்த சிந்தனை. ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளில் எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இதுதான்.

சூப்பர்மோட்டோ பிறந்த கதை சிறியது. 1979இல் அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சிக்காகக் கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் ஓடுதளத்தில், தார், மண், மேடு மூன்றும் கலந்த ஒரு பந்தயம் நடத்தப்பட்டது. அமெரிக்காவில் அது சில ஆண்டுகளில் ஓய்ந்தாலும் பிரான்சில் வேரூன்றி வளர்ந்தது. 2002 முதல் உலகப் பட்டப் போட்டியாகவும் நடந்தது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இரண்டு வண்டிகளும் எஞ்சினில் ஒன்று, பிரிவது முன்பகுதியில். ஸ்டியரிங் தண்டின் அச்சைத் தரைவரை ஒரு கோடாக நீட்டுங்கள். அது தரையைத் தொடும் புள்ளி, ரயர் தரையைத் தொடும் புள்ளிக்கு முன்னால் இருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்துக்கு ட்ரெயில் என்று பெயர். நாம் ட்ரெயில் பைக் என்று சொல்வதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இந்தத் தூரம் கூடினால் வண்டி நேர்க்கோட்டை விடாது. குறைந்தால் கை அசைத்தவுடன் திரும்பும், மிகவும் குறைந்தால் தடுமாறும்.

என்டுரோவில் வழக்கமான 90/90-21 ரயரின் முழு விட்டம் ஏறத்தாழ 695 மில்லிமீற்றர். சூப்பர்மோட்டோவின் 120/70-17 ரயர் 600 மில்லிமீற்றர். ஆகவே முன்பகுதி 48 மில்லிமீற்றர் அளவில் இறங்குகிறது. பின்னால் 140/80-18க்குப் பதிலாக 160/60-17 போட்டால் இறக்கம் 29 மில்லிமீற்றர் மட்டுமே. முன்பகுதி கூடுதலாகத் தாழ்வதால், முன்சில்லைத் தாங்கும் ஃபோர்க் முக்கால் பாகை அளவு நிமிர்கிறது. சில்லின் ஆரமும் குறைந்திருக்கிறது. ஸ்டியரிங் அச்சு செங்குத்திலிருந்து 27 பாகை சாய்ந்திருக்கும் ஒரு வண்டியில் இவ்விரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் ட்ரெயில் 28 மில்லிமீற்றர் அளவு காணாமற்போகும். நூற்றுச் சொச்சம் மில்லிமீற்றரிலிருந்து இது குறைகிறது என்றால் கால்வாசி போனதாகவே கொள்ள வேண்டும். இழந்ததை மீட்பதற்கு, ஃபோர்க் குழாய்களை ஸ்டியரிங் தண்டோடு பிடிக்கும் மேல், கீழ்த் தட்டுகளை வேறு அளவில் வெட்டி, குழாய்களைத் தண்டுக்கு அருகே கொண்டுவர வேண்டும். சில்லு அவ்வளவுக்குப் பின்னுக்கு வர ட்ரெயில் திரும்பக் கூடும். சில்லு மாற்றுபவர்கள் செலவுக்குப் பயந்து விட்டுவிடுவது இந்தத் தட்டுகளைத்தான்.

நானும் விட்டுவிட்டேன். 17 அங்குல றிம் இரண்டைத் தேடிப் பூட்டிய நாளில், கராஜ் அண்ணன் என் வண்டியைச் சாய்வுத் தாங்கியில் நிறுத்திவிட்டுக் கையை எடுக்காமலே, "தம்பி, இஞ்ச பார், எப்படி நிக்குதெண்டு" என்றார். வண்டி தாழ்ந்துவிட்டது, தாங்கியோ பழைய நீளத்திலேயே இருந்தது. இடப்பக்கம் சாய்ந்து நிற்க வேண்டிய வண்டி நெட்டையாக நின்று, வலப்பக்கம் விழப் பார்த்தது. தாங்கியை அறுத்துக் குறுக்கி ஒட்டினோம். வேகமானியின் கேபிள் முன்சில்லிலிருந்து வருவதால், உண்மையில் 50இல் போகும்போது முள் 58ஐக் காட்டியது.

உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரையிலான நேர் வீதியில் பெரிய குறை தெரியவில்லை. உட்துறைமுக வீதியின் வளைவுகளில்தான் தெரிந்தது. வளைவுக்கு முன் பிரேக்கை அழுத்தியதும் நீண்ட, மென்மையான என்டுரோ ஃபோர்க் ஆழமாக அமிழ்ந்தது. அமிழ அமிழ ஃபோர்க் இன்னும் நிமிர்ந்து, ஏற்கெனவே குறைந்திருந்த ட்ரெயில் மேலும் குறைந்தது. வண்டியைத் திருப்ப வேண்டிய அந்தக் கணத்திலேயே ஹான்டில் கைக்குள் துடித்தது. நான்கைந்து வளைவுகள் தாண்டியபோது பிரேக் பிடி மென்மையாகிவிட்டிருந்தது. மண்ணில் சறுக்கிப்போகும் ரயருக்காக அளவிட்ட சிறிய பிரேக் டிஸ்க், தாரைக் கவ்விப் பிடிக்கும் ரயர் அனுமதிக்கும் அழுத்தத்தில் எழும் சூட்டைத் தாங்காது.

நிறுவனங்கள் இந்தப் பிழையைச் செய்வதில்லை. யமஹா 2007இல் டபிள்யூஆர்250ஆர் என்ற ட்ரெயில் வண்டியையும், அதே எஞ்சின், அதே அலுமினியச் சட்டகத்தில் டபிள்யூஆர்250எக்ஸ் என்ற சூப்பர்மோட்டோவையும் வெளியிட்டபோது, முன் டிஸ்க்கை 250 மில்லிமீற்றரிலிருந்து 298க்கு உயர்த்தி, சஸ்பென்ஷனையும் இறுக்கமாக அமைத்தது. சுசுகி தன் டிஆர்-இசட்400 எஸ் வண்டியிலிருந்து 2005இல் எஸ்எம் வகையைச் செய்தபோது, ஃபோர்க்கையே தடித்த குழாய் மேலே இருக்கும் தலைகீழ் வகைக்கு மாற்றியது. கேடிஎம்மின் 690 இரட்டையரில் முன் டிஸ்க் என்டுரோவுக்கு 300, எஸ்எம்சிக்கு 320. கூடவே பின்சில்லு துள்ளாதிருக்கச் சறுக்கும் கிளச்சும் உண்டு. பெரிய ஒற்றைச் சிலிண்டரில் கியரைக் குறைக்கும்போது எஞ்சினே ஒரு முரட்டுப் பிரேக்காக மாறிவிடும் என்பதால் அது அவசியமானது.

ஆகவே இதைச் செய்யத்தான் வேண்டும் என்று நீங்கள் முடிவெடுத்தால், பெரிய டிஸ்க்கும், அதைக் கவ்வும் கலிப்பருக்கு ஏற்ற தாங்கியும், இறுக்கமான ஃபோர்க் ஸ்பிரிங்கும், அளவு சரியான தட்டுகளும் கிடைத்த பிறகே றிம்முக்குப் பணம் கொடுங்கள். அந்தத் தட்டுகளை ஊரில் லேத்தில் கடைய வேண்டாம். பிரேக்கின் முழு விசையும் அவற்றின் வழியாகத்தான் சட்டகத்துக்குப் போகிறது. எந்த உலோகம் என்று தெரியாத கட்டியை நம்பி உயிரை வைக்க முடியாது. என் பயணங்களில் பாதி குச்சவெளிக்கு அப்பால் கிரவல் பாதைகளில்தான். தாழ்ந்த வண்டியின் அடித்தகடு இரண்டு முறை கல்லில் மோதிய பிறகு நான் 21 அங்குலச் சில்லையே திரும்பப் பூட்டினேன். தாங்கியில் அறுத்த துண்டையும் அண்ணன் மறுபடி ஒட்டித் தந்தார்.