ஆளில்லாத படகுத்துறை – கடிதம்

அன்புள்ள ஐயா,

போன மாதம் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஜார்ஜ் ஏரிக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். பின்பக்கம் பெரிய சக்கரம் சுழலும் ‘மின்னஹாஹா’ என்ற நீராவிப் படகில் ஒரு மணி நேரம் சுற்றினோம். திரும்பும் வழியில் ஒரு பழம்பொருள் கடையில் அதே பெயருள்ள படகின் பழைய புகைப்பட அட்டை கிடைத்தது. ஊர்ப் பெயர் ‘கால்டுவெல்’ என்றும் எடுத்தவர் பெயர் ‘ஸ்டாடர்ட்’ என்றும் போட்டிருக்கிறது. ஒரே படம் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தடவை அச்சாகியிருக்கிறது. ஆனால் படகின் பின்னால் சக்கரத்தைக் காணோம். படகுத்துறையில் ஒரு ஆள்கூட இல்லை. வானம் வெறும் வெள்ளைத் தாள்.

அந்த அமைதியைப் பார்த்ததும் ஏக்கமாகிவிட்டது. இன்று அந்தத் தெரு முழுக்க டி-ஷர்ட் கடையும் ஐஸ்கிரீம் கடையும்தான். அன்று அந்தக் கிராமம் உண்மையிலேயே இவ்வளவு அமைதியாகவா இருந்தது? அட்டையின் முன்பக்க நகலை இணைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர், நியூ ஜெர்சி

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் சக்கரம். நீங்கள் ஏறியது வேறு படகு, அட்டையில் இருப்பது வேறு படகு. இன்றைய மின்னஹாஹா 1969இல் வந்தது. பழைய மின்னஹாஹா 1857இல் ஓடத் தொடங்கியது. அதற்கு முந்திய ‘ஜான் ஜே’ என்ற படகு 1856இல் ஏரியிலேயே தீப்பிடித்து, உயிர்ச்சேதத்தோடு அழிந்துபோன பிறகு கட்டப்பட்டது அது. அதன் சக்கரங்கள் பின்னால் இல்லை, இரண்டு விலாவிலும் இருந்தன. உங்கள் படத்தில் படகின் நடுவில் அரைவட்டமாகப் பலகை அடித்த ஒரு கூடு தெரிகிறதே, சக்கரம் அதற்குள்தான் இருக்கிறது.

படகின் பெயரை வைத்தே படத்தின் காலத்தையும் ஓரளவு சொல்லிவிடலாம். 1877இல் ‘ஹோரிகான்’ என்ற பெரிய படகு வந்ததும் மின்னஹாஹாவை ஓய்வு கொடுத்துக் கரையோரம் கட்டிப்போட்டுவிட்டார்கள். கொஞ்ச காலம் மிதக்கும் விடுதியாக இருந்தது. அது கால்டுவெல் துறையில் நிற்கிறது என்றால் படம் 1877க்கு முந்தியது. துறைக்குப் பக்கத்தில் தண்டவாளம் இல்லாததும் பொருந்துகிறது, ரயில் அங்கே வந்தது 1882இல்தான். கால்டுவெல் என்றதும் நமக்கு இடையன்குடிப் பாதிரியார், தமிழறிஞர் ராபர்ட் கால்டுவெல்தான் ஞாபகம் வருவார். இந்த ஊருக்குப் பெயர் தந்தவர் வேறு ஆள், ஜேம்ஸ் கால்டுவெல் என்ற அல்பனி நகரத்து வணிகர். அங்கே நிலம் வாங்கிப் போட்டவர். 1903இல் கிராமம் அவர் பெயரை விட்டுவிட்டு ஏரியின் பெயரை எடுத்துக்கொண்டது.

இரண்டு தடவை அச்சானது பிழை இல்லை. கூர்ந்து பாருங்கள், இரண்டும் ஒரே படம் அல்ல. நம் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள அளவு தள்ளிவைத்த இரண்டு லென்ஸ்களில் எடுத்தவை. இடது படத்தில் கம்பத்துக்குப் பின்னால் மறையும் ஜன்னல் வலது படத்தில் கொஞ்சம் எட்டிப்பார்க்கும். அதற்கென்று இருக்கும் ‘ஸ்டீரியோஸ்கோப்’ என்ற, கண்ணில் வைத்துப் பார்க்கும் இரட்டை லென்ஸ் கருவியில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகி, படகு முன்னால் வரும், மலை பின்னால் போகும். டிவி இல்லாத வீடுகளில் விருந்தாளி வந்தால் இதை எடுத்துக் காட்டுவார்கள்.

வெள்ளை வானத்துக்குக் காரணம் வேதியியல். அப்போது இருந்தது ஈரத்தட்டு முறை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பிசினை ஊற்றி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, அங்கேயே கழுவியும் முடிக்க வேண்டும். மொத்தமாகப் பத்து நிமிடம் கிடைத்தால் அதிகம். அதனால் எங்கே போனாலும் இருட்டுக் கூடாரம், புட்டிகள், கண்ணாடித் தகடுகள் எல்லாவற்றையும் சுமந்துகொண்டே போக வேண்டும். ஸ்டாடர்ட் இதையெல்லாம் படகில் ஏற்றிக்கொண்டு திரிந்தவர். அந்தக் கலவைக்கு நீல ஒளி மட்டும்தான் நன்றாகப் பிடிபடும், பச்சையும் சிவப்பும் ஏறாது. நீல வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, அச்சில் வெறும் வெள்ளையாகிவிடும். பச்சை மலைகள் கரிப்பிடித்த மாதிரி வரும். அன்று வானத்தில் மேகம் இருந்திருக்கலாம், தகடு அதைப் பார்க்கவில்லை.

ஆட்களும் அப்படித்தான் காணாமல் போனார்கள். லென்ஸ் மூடியைக் கழற்றினால் சில நொடிகளாவது விட்டுவைக்க வேண்டும். அசையாமல் நின்றவர் பதிவார், நடந்தவர் புகையாகிவிடுவார், வேகமாக நடந்தவர் இல்லவே இல்லை. நல்ல வெயிலில் சின்ன லென்ஸ் வைத்துக் கொஞ்சம் வேகமாகவும் எடுத்தார்கள், ஆகவே எல்லாப் படத்துக்கும் இதைச் சொல்ல முடியாது. உங்கள் படத்துக்குச் சொல்லலாம். கொடிக்கம்பத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கம்பம் ஊசி மாதிரி கூர்மை, கொடி பஞ்சு மாதிரி கலைந்து கிடக்கிறது. துறையின் வலது ஓரத்தில், மூட்டைகளுக்குப் பக்கத்தில், முழங்காலுக்குக் கீழே மட்டும் ஒரு மனிதர் இருக்கிறார்! கால் ஊன்றி நின்றிருக்கிறார், உடம்பு அசைந்துகொண்டே இருந்திருக்கிறது. ஒரு ஆள்கூட இல்லை என்றீர்கள், ஒரு ஜோடிக் கால் இருக்கிறது.

ஆகவே அமைதி பற்றிய உங்கள் கேள்விக்குப் பதில்: இல்லை. ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ஏரியில் படகு விறகில் ஓடியது. துறையில் விறகு ஏற்றும் சத்தம், கொதிகலன் சத்தம், சங்கு. பக்கத்திலேயே 1855இல் கட்டிய ஃபோர்ட் வில்லியம் ஹென்றி ஹோட்டல், கோடை முழுக்க ஆட்கள். கிளென்ஸ் ஃபால்ஸ் ஊரிலிருந்து குதிரை வண்டிகள் வந்து கொட்டிக்கொண்டே இருந்தன. அபெனாக்கி பூர்வகுடிக் குடும்பங்கள் கோடையில் ஏரிக்கரையில் தங்கி, சுற்றுலாப் பயணிகளுக்குக் கூடை விற்றன.

அதே பயணிகளுக்குத்தான் ஸ்டாடர்டும் விற்றார். 1840களில் பிறந்தவர். முதலில் ரயில் பெட்டிகளுக்கு அலங்கார ஓவியம் தீட்டினார், அப்புறம் கிளென்ஸ் ஃபால்ஸில் பெயர்ப்பலகை எழுதினார், அதற்கும் பிறகுதான் கேமரா. படங்களை அட்டையில் ஒட்டி விற்றார். ஏரிக்கு வழிகாட்டி நூல் போட்டார், வரைபடம் போட்டார். ஹோட்டல், படகு, புகைப்படம் மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நடந்த வியாபாரம். அதனால்தான் அவர் படங்களில் ஹோட்டல் வராந்தா திரும்பத் திரும்ப வரும், சமையல்கட்டு வராது. படகு வரும், அதற்குள் விறகு தள்ளுகிறவர் வரமாட்டார். உங்களுக்குக் கோபம் வரலாம், ஆனாலும் சொல்கிறேன்: நீங்கள் வெறுக்கிற டி-ஷர்ட்டும் நீங்கள் வாங்கிவந்த அட்டையும் ஒரே கடைச் சரக்குதான். ஒன்றுக்கு 150 வயதாகிவிட்டது, அவ்வளவே.

இதை அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. அதே கைதான் அடிரோண்டாக் மலைப்பகுதியில் அணை கட்டித் தண்ணீரில் மூழ்கடித்த காடுகளையும் எடுத்தது. பட்டுப்போய் எலும்புபோல நிற்கும் மரங்கள். விருந்தாளிக்கு எடுத்துக் காட்டுகிற படங்கள் இல்லை அவை. 1892இல் மாநிலச் சட்டமன்றத்தில் தன் படங்களைத் திரையில் போட்டுக் காட்டிப் பேசினார், அந்த ஆண்டே அடிரோண்டாக் பூங்காவுக்குச் சட்டம் வந்தது. அவரால் மட்டும் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வராந்தாப் படம் விற்றுப் பிழைத்த ஒருவர் அந்த மரங்களுக்கும் தகடு செலவழித்திருக்கிறார், எனக்கு அவரைப் பிடித்துப்போனது அங்கேதான்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் நியூயார்க் பொது நூலகமும் இந்த மாதிரிப் படங்களை இணையத்தில் பெரிய அளவில் வைத்திருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும், எச்சரிக்கிறேன். உங்கள் அட்டையில் எனக்கு ஒரு குறைதான். முன்பக்கத்தை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். பின்பக்கத்தில் பெரும்பாலும் அந்த வரிசையில் விற்ற மற்றப் படங்களின் பட்டியல் இருக்கும், சிலவற்றில் வாங்கியவர் பென்சிலில் ஏதாவது கிறுக்கியிருப்பார். அதையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.