‘உடற்பயிற்சி செய்கிறீர்களா?’ என்று கேட்டால் கிடைக்காத பதில்

கேள்வி: கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையின் மருத்துவ அறையில் நர்சாக இருக்கிறேன். பலருக்கு எடை ஏறிக்கொண்டே போகிறது. அவர்களின் பழக்கவழக்கங்களைத் தெரிந்துகொள்ள 40 கேள்விகளில் ஒரு படிவம் தயாரித்து 120 பேருக்குக் கொடுத்தேன். முக்கால்வாசிப் பேர் ‘காய்கறி தினமும் உண்டு, நொறுக்குத்தீனி கிடையாது, உடற்பயிற்சி இல்லை’ என்றே எழுதியிருக்கிறார்கள். மொத்த மார்க்குக்கும் எடைக்கும் சம்பந்தமே தெரியவில்லை. பொய் சொல்கிறார்களா?

பதில்: பொய் இல்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு அவர்கள் சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறார்கள், கேள்விதான் சரியில்லை.

நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரத்தைக் கவனித்துக்கொள்ளும் ஒரு சைடர் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஷிஃப்ட் முழுக்க அறுந்த நூலைப் பிணைத்தபடி வரிசைக்கு வரிசை நடக்கிறார். அவரிடம் ‘உடற்பயிற்சி செய்கிறீர்களா?’ என்றால் ‘இல்லைங்க’ என்றுதான் சொல்வார். அவரைப் பொறுத்தவரை அது வேலை. உடற்பயிற்சி என்பது ஷூ போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றுவது. நொறுக்குத்தீனியும் அப்படியே. முறுக்கும் மிக்சரும் நினைவுக்கு வருமே தவிர, நாலு மணி டீயோடு போகிற வடை அந்தக் கணக்கில் வராது.

அதனால் பழக்கத்தின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். நடந்ததைக் கேளுங்கள். ‘நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து எத்தனை டீ குடித்தீர்கள்? ஒவ்வொன்றிலும் எத்தனை ஸ்பூன் சர்க்கரை? டீயோடு என்ன சாப்பிட்டீர்கள்?’ நாலு டீ, இரண்டு ஸ்பூன் வீதம் என்றாலே 32 கிராமுக்குக் குறையாது. சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. ‘இனிப்பு அதிகம் சாப்பிடுவீர்களா?’ என்ற கேள்விக்கு இவரே ‘இல்லை’ என்று டிக் அடித்திருப்பார்.

எண்ணெய்க்கு ஒரு குறுக்குவழி உண்டு. எத்தனை கரண்டி ஊற்றுகிறீர்கள் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள், வீட்டில் எத்தனை பேர் என்று கேளுங்கள், உடனே சொல்வார்கள். நாலு பேருக்கு 4 லிட்டர் என்றால் தலைக்கு நாளொன்றுக்கு சுமார் 33 மில்லி. கடைப் பலகாரம் இதில் சேராது, அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

உடல் உழைப்புக்கு நீங்களே கேள்வி எழுத வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஜிபேக் என்ற 16 கேள்விப் படிவம் இருக்கிறது. வேலை, போக்குவரத்து, ஓய்வு நேரம் மூன்றையும் தனித்தனியாகக் கேட்பதால் மில்லுக்குப் பொருந்தும். வாரத்துக்கு 600 மெட்-நிமிடம் என்பது அதில் குறைந்தபட்ச அளவு. மெட் என்பது உழைப்பின் கடுமையைக் காட்டும் எண். அதைச் செய்த நிமிடங்களால் பெருக்கினால் மெட்-நிமிடம். பஸ் ஸ்டாப்புக்குப் போக 15 நிமிடம், வர 15 நிமிடம், வாரம் 6 நாள் நடப்பவருக்கு 180 நிமிடம். இந்தப் படிவத்தில் நடைக்கு மெட் 4. நாலால் பெருக்கினால் 720. ‘உடற்பயிற்சி இல்லை’ என்று எழுதியவர் அளவைத் தாண்டிவிட்டார்! ‘மிதமான செயல்பாடு’ என்ற பாடப்புத்தகச் சொல் மட்டும் வேண்டாம். ‘பேச முடியும், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்குகிற வேலை’ என்றால் எல்லோருக்கும் புரியும்.

நல்ல கேள்வியிலும் பதில் கொஞ்சம் சாயத்தான் செய்யும். ‘எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டாலும் எடை இறங்கவில்லை’ என்றவர்களை 1992-இல் நியூயார்க்கில் அளந்து பார்த்தார்கள். சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். சூப்பர்வைசர் பக்கத்தில் நிற்க, பெயர் எழுதிய படிவம் என்றால் சாய்வு இன்னும் கூடும். பெயருக்குப் பதில் ஓர் எண் போடுங்கள். எடை பார்ப்பதைப் படிவம் வாங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எடை மெஷினில் ஏறி இறங்கியவர் உண்மையான டீக்கணக்கைச் சொல்லமாட்டார்.

இனி மார்க். எண்ணெயையும் தூக்கத்தையும் நடையையும் ஒரே கூட்டலில் போட்டால் ஒன்றை மற்றொன்று மறைத்துவிடும். உணவு, உழைப்பு, உட்காரும் நேரம், தூக்கம் என்று தனித்தனி மார்க் வையுங்கள். யாராவது புள்ளியியல் தெரிந்தவர் ‘குரோன்பாக் ஆல்பா 0.7 வரவில்லையே’ என்று பயமுறுத்தினால் கலங்க வேண்டாம். கேள்விகளின் பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண் அது. ஒரே குணத்தைப் பல கேள்விகளால் அளக்கும்போதுதான் அது பொருந்தும். எண்ணெய் குறைவாக வாங்குகிறவர் நன்றாகத் தூங்கியே ஆக வேண்டும் என்று சட்டமா என்ன? உங்களுக்குத் தேவை வேறு சோதனை: 20 பேரிடம் இரண்டு வாரம் கழித்து அதே படிவத்தை மறுபடி கொடுங்கள். பழக்கம் மாறாமல் பதில் மட்டும் மாறியிருக்கும் கேள்விகளைத் தூக்கிவிடுங்கள்.

எடையோடு சம்பந்தம் தெரியாததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். சர்க்கரை போடாமல் டீ குடிப்பவர்களில் பலர் எடை ஏறி, சுகரும் வந்த பிறகு விட்டவர்கள். ஒரே நாளில் எடுத்த கணக்கில் அவர்கள் ‘நல்ல பழக்கம், அதிக எடை’ என்று விழுவார்கள். ‘இந்தப் பழக்கம் எப்போதிருந்து?’ என்று ஒரு வரி சேருங்கள். எடையோடு இடுப்புச் சுற்றளவும் எடுங்கள். நம்மவர்களுக்கு ஆண்களில் 90, பெண்களில் 80 சென்டிமீட்டர்தான் வரம்பு. பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடை அளவு) 23-இலேயே அதிக எடை, 25-இல் உடல் பருமன்.

அந்த 120 படிவங்களைக் குப்பையில் போடாதீர்கள். அவற்றில் ஐந்தாறு பேரைக் கூப்பிட்டு, ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, ‘இதைப் படித்ததும் என்ன நினைத்தீர்கள்?’ என்று கேளுங்கள். எந்தக் கேள்வியை மாற்ற வேண்டும் என்பதை அவர்களே காட்டிக்கொடுத்துவிடுவார்கள்.