இரவு ரயிலில் இப்போது எவை கட்டணத்தில் அடங்கும், எவை அடங்கா?

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறையில் சென்னையிலிருந்து மதுரைக்கு இரவு ரயிலில் செல்லத் திட்டமிட்டுள்ளோம். எழுபது வயதைக் கடந்த என் பெற்றோர் இந்தியக் குடிமக்கள், சிங்கப்பூரில் நிரந்தரவாசிகள். நானும் கணவரும் எட்டு வயது மகனும் நான்கு வயது மகளும் சிங்கப்பூர்க் குடிமக்கள். ரயிலில் முன்பு தந்த வசதிகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள், போர்வைகூடக் கிடைக்காது, இரவில் கைப்பேசிக்கு மின்னூட்டம் செய்ய முடியாது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அப்பா உறங்கும்போது சிபாப் மூச்சுக் கருவி பயன்படுத்துபவர். அம்மாவுக்கு முழங்கால் வலி. மூன்றடுக்கு ஏசிக்குப் பதிலாக இரண்டடுக்கு ஏசிக்குக் கூடுதலாகச் செலவழிப்பது பயன் தருமா? எவற்றை எடுத்துச் செல்ல வேண்டும்? (ஈசூன் வாசகி)

பதில்: உறவினர்கள் சொன்னவற்றில் போர்வை பற்றிய செய்தி பழையது, மின்னூட்டம் பற்றிய செய்தி உண்மை. ஆனால் உங்கள் குடும்பத்துக்கு முக்கியமான மாற்றங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. ரயிலில் ஏறிய பிறகு கேட்டுப் பெறலாம் என்றிருந்த பலவும் இன்று பயணச்சீட்டு எடுக்கும் நேரத்திலேயே முடிவாகிவிடுகின்றன. எந்த வகுப்பு, எந்த ஒதுக்கீடு, ஒரே பயணச்சீட்டில் எத்தனை பேர் என்பவற்றை முன்பதிவு செய்யும்போதே சரியாகத் தேர்ந்தெடுத்தால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

முதலில் போர்வையைப் பார்ப்போம். கோவிட் பரவலின்போது 2020 மார்ச்சில் இந்திய ரயில்வே ஏசி பெட்டிகளில் படுக்கை விரிப்பு, போர்வை, திரைச்சீலை அனைத்தையும் நிறுத்தியது உண்மைதான். 2022 மார்ச் 10 அன்று பிறப்பித்த உத்தரவின் மூலம் அவை மீண்டும் வழக்கத்துக்கு வந்தன. இப்போது ஏசி பெட்டிகளில் ஒவ்வொரு படுக்கைக்கும் இரண்டு விரிப்புகள், உறையிட்ட தலையணை, கம்பளி, சிறு துண்டு ஆகியவை கட்டணத்திலேயே அடங்கும். தொடக்கத்தில் விரிப்பு இல்லாமல் ஓடிய மூன்றடுக்கு எகானமி வகுப்பிலும் இப்போது தருகிறார்கள். துண்டு மட்டும் சில வண்டிகளில் கேட்டால்தான் கைக்கு வரும், தயங்காமல் கேளுங்கள்.

கம்பளியைப் பொறுத்தவரை ஒரு செய்தியைக் கவனத்தில் வையுங்கள். கம்பளிகள் மாதத்துக்கு ஒரு முறையேனும் துவைக்கப்படுவதாக ரயில்வே அமைச்சர் 2024 நவம்பரில் நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். விரிப்பு ஒவ்வொரு பயணிக்கும் துவைத்துத் தரப்படுவது, கம்பளி அப்படியன்று. இரண்டாவது விரிப்பைக் கம்பளிக்கு உட்புறமாகப் போர்த்திக்கொள்வதற்காகவே கொடுக்கிறார்கள், அதைப் பலரும் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். மூச்சுத் தொல்லை உள்ள உங்கள் தந்தைக்குச் சிங்கப்பூரின் தேக்கா பகுதியில் கிடைக்கும் மெல்லிய பருத்திப் போர்வை ஒன்றை வாங்கிச் செல்வது இன்னும் நல்லது.

ஆகவே விரிப்புக்காக இரண்டடுக்கு ஏசிக்குப் போக வேண்டியதில்லை. இரண்டிலும் கிடைப்பவை ஒன்றே. வேறுபாடு நடுப்படுக்கையில் இருக்கிறது. மூன்றடுக்கில் நடுப்படுக்கையை இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை விரித்துக்கொள்ளும் உரிமை அதில் பயணம் செய்பவருக்கு உண்டு. அது விரிக்கப்பட்டால் கீழ்ப்படுக்கையில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார முடியாது. முழங்கால் வலியுள்ள ஒருவர் நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து, காலை நீட்டி மடக்கி, பிறகு மெல்ல எழுந்து கழிப்பறைக்குச் செல்ல வேண்டுமானால் அந்த இடம் மிகவும் அவசியம். இரண்டடுக்கில் அந்தச் சிக்கல் இல்லை, திரைச்சீலையும் உண்டு. மூச்சுக் கருவியின் முகமூடியை அணிந்து உறங்குபவருக்குத் திரையின் மறைவு பெரிய ஆறுதல். என் கருத்தில் பெற்றோர் இருவருக்கும் இரண்டடுக்கு ஏசி கட்டாயம். பணத்தைச் சிக்கனப்படுத்த வேண்டுமென்றால் மற்றவர்கள் மூன்றடுக்கில் செல்லலாம். ஆனால் இரவில் உதவிக்கு ஒருவராவது பெற்றோரின் பெட்டியிலேயே இருப்பது நல்லது என்பதால், முடிந்தால் எல்லோருக்கும் ஒரே வகுப்பாக எடுங்கள்.

இனி, பெரும்பாலோர் தவறவிடும் இடத்துக்கு வருகிறேன். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை, அதாவது 60 வயதைக் கடந்த ஆண்களுக்கு 40 விழுக்காடும் 58 வயதைக் கடந்த பெண்களுக்கு 50 விழுக்காடும் என்றிருந்த தள்ளுபடி, 2020 மார்ச் 20 முதல் நிறுத்தப்பட்டது, இன்றுவரை திரும்பவில்லை. பறிபோனவற்றில் உண்மையாகவே வலிக்கும் இழப்பு அதுதான் என்று நான் நினைக்கிறேன். ஆனால் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு இன்னும் இருக்கிறது. 60 வயதைக் கடந்த ஆண்களும் 45 வயதைக் கடந்த பெண்களும் தனியாகவோ, இத்தகைய இருவராகவோ ஒரே சீட்டில் முன்பதிவு செய்தால், ஒவ்வொரு பெட்டியிலும் அவர்களுக்கென ஒதுக்கிய சில கீழ்ப்படுக்கைகளிலிருந்து இடம் கிடைக்கும். அதே சீட்டில் மூன்றாவதாக ஒருவரைச் சேர்த்தாலோ, வயது குறைந்த ஒருவரைச் சேர்த்தாலோ அந்த ஒதுக்கீடு கிடைக்காது. குடும்பம் பிரியக்கூடாதே என்று எல்லோரையும் ஒரே சீட்டில் சேர்ப்பவர்கள் அறியாமலேயே இதை இழக்கிறார்கள். பெற்றோருக்கு ஒரு சீட்டும் உங்கள் குடும்பத்துக்கு இன்னொரு சீட்டுமாக, பெற்றோர் சீட்டுக்கு மூத்த குடிமக்கள் ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுத்து எடுங்கள்.

மகனுக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம் செலுத்த வேண்டும். ஐந்து வயது முதல் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அரைக் கட்டணத்தில் படுக்கை என்ற வழக்கம் 2016 ஏப்ரலில் முடிவுக்கு வந்தது. அரைக் கட்டணம் இப்போதும் உண்டு, ஆனால் படுக்கை கிடையாது. எட்டு வயதுப் பிள்ளையோடு குறுகிய படுக்கையைப் பகிர்ந்துகொண்டு யாரும் தூங்க முடியாது; முழுக் கட்டணமே கட்டிவிடுங்கள். மகளுக்கு ஐந்து வயது ஆகவில்லை என்பதால் உங்களோடு படுத்துக்கொண்டால் கட்டணம் இல்லை.

மின்னூட்டம் பற்றிய எச்சரிக்கை உங்கள் தந்தையை நேரடியாகத் தொடுவது. இரவு முழுவதும் செருகி வைத்த கருவிகள் சூடேறித் தீப்பற்றும் அபாயத்தைக் கருதி, இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை பெட்டிகளில் மின்னூட்டப் புள்ளிகளை அணைத்துவைக்க 2021-இல் ரயில்வே முடிவெடுத்தது. பாதுகாப்புக்கான கட்டுப்பாடு என்பதால் இதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். அணைக்காமல் விட்ட பெட்டி உங்களுக்கு வாய்த்தாலும், அந்தப் புள்ளிகள் கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் உரியவை. மூச்சுக் கருவியை அவற்றை நம்பி எடுத்துச் செல்லக் கூடாது. அந்தக் கருவிக்கென்றே விற்கும் தனி பேட்டரியை வாங்கி, புறப்படுவதற்கு முன் வீட்டில் ஓர் இரவு முழுவதும் அதிலேயே ஓட்டிப் பாருங்கள். ஈரப்பதமூட்டியின் சூடாக்கியை அணைத்துவிட்டால் பேட்டரி வெகுநேரம் தாங்கும். விமானத்தில் லித்தியம் பேட்டரியைக் கைப்பையில் மட்டுமே கொண்டு செல்லலாம். 100 வாட்-மணிக்கு மேல் 160 வாட்-மணி வரையிலான திறனுக்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி தேவை. ஓர் இரவு கருவியின்றி உறங்கலாமா என்பதை அவருடைய மருத்துவரிடமும் இப்போதே கேட்டு வையுங்கள்.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் புறப்பட்டு விடியற்காலையில் மதுரை சேரும் பாண்டியன் விரைவு வண்டியில் உணவு தயாரிக்கும் பெட்டி (பேன்ட்ரி கார்) கிடையாது. சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள், பிள்ளைகளுக்கு இட்லியோ ரொட்டியோ கையில் இருக்கட்டும். ரயில்வேயின் சொந்தத் தண்ணீரான ரயில் நீர் ஒரு லிட்டர் புட்டியின் விலை 2025 செப்டம்பரில் 15 ரூபாயிலிருந்து 14 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. அதற்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

இவை எல்லாம் ஏசி வகுப்பில் இடம் கிடைத்தால் பொருந்தும். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டதால், டிசம்பர் பயணத்துக்கு அக்டோபரிலேயே விழிப்பாக இருங்கள். கடைசி நேரத் தத்கால் சீட்டை நம்ப வேண்டாம். 2025 ஜூலை முதல் இந்திய அடையாள எண்ணான ஆதாரைக் கொண்டு சரிபார்த்த கணக்கு உள்ளவர்கள் மட்டுமே அதை இணையத்தில் எடுக்க முடியும். இணையத்தில் முன்பதிவு திறக்கும் முதல் நாளும் அத்தகைய கணக்குகளுக்கே ஒதுக்கப்படுவதால், தமிழ்நாட்டில் உள்ள நெருங்கிய உறவினர் ஒருவரைத் தம் கணக்கிலிருந்து உங்களுக்காக எடுத்துத் தரச் சொல்வதே நடைமுறைக்கு ஏற்ற வழி.

தவறிப்போய் ஏசி இல்லாத ஸ்லீப்பர் வகுப்பில்தான் இடம் கிடைத்தது என்றால், அங்கே விரிப்பு கட்டணத்தில் அடங்காது. 2026 ஜனவரி 1 முதல் தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டம் தேர்ந்தெடுத்த சில வண்டிகளில் விரிப்பை 20 ரூபாய்க்கும் உறையுடன் தலையணையை 30 ரூபாய்க்கும் தரத் தொடங்கியது. வரவேற்கத்தக்க ஏற்பாடுதான், ஆனால் உங்கள் வண்டி அதில் சேர்ந்ததா என்று உறுதியாகத் தெரியாதவரை, ஆளுக்கொரு விரிப்பும் காற்றடைக்கும் தலையணையும் பயணப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏசி பெட்டியில் உங்களுக்கு உரிய விரிப்போ தலையணையோ தரப்படாவிட்டால் முதலில் பெட்டி உதவியாளரிடமும் அடுத்துப் பயணச்சீட்டுப் பரிசோதகரிடமும் சொல்லுங்கள். அதன் பிறகும் பயனில்லையென்றால், பயணச்சீட்டில் உள்ள பிஎன்ஆர் எண், பெட்டி எண், படுக்கை எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு ‘ரயில் மதத்’ (RailMadad) என்ற ரயில்வே புகார்த் தளத்திலோ 139 என்ற தொலைபேசி எண்ணிலோ வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே புகார் செய்யுங்கள். இறங்கிய பிறகு அனுப்பும் புகாரால் அன்றிரவுக்கான விரிப்பு கிடைக்காது.