அலையில் அறைபடும் ஃபைபர் படகு: மகள் எடுக்கும் ப்ராஜெக்ட் வேலைக்கு உதவுமா?

கேள்வி: என் மகள் பி.இ. மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. அலையில் மோதும்போது ஃபைபர் படகின் அடித்தகடு எப்படி வளைகிறது என்பதை இறுதியாண்டு ப்ராஜெக்ட்டாக எடுக்கப் போகிறாளாம். இதை நம்பி வேலை கிடைக்குமா? கப்பலில் போக வேண்டியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: கப்பலில் போக வேண்டியதில்லை. கடலோடுவது மரைன் இன்ஜினியரிங் படித்தவர்கள். இது கப்பலையும் படகையும் வடிவமைக்கும் நேவல் ஆர்க்கிடெக்சர் பக்கம். கரையில் இருந்தே செய்யும் வேலை. இதற்கென்றே தனிப் பணியிடம் இந்தியாவில் மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் இதைச் சரியாகச் செய்தவருக்கு அதிர்வு, காம்போசிட் (இழையும் பிசினும் சேர்ந்த ஃபைபர் போன்ற கலப்புப் பொருள்), எஃப்.இ.ஏ. (பொருளைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடும் முறை) மூன்றும் கைவந்திருக்கும். அந்த மூன்றுக்கும் வேலை உண்டு.

'சரியாக' என்பதுதான் சிக்கல். பல மாணவர்கள் மென்பொருளில் வண்ணப் படம் எடுத்து ஒட்டிவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். உங்கள் மகள், மாதிரிப் பெட்டியைத் தண்ணீரில் விழவிட்டு அளக்கும் ஒரு சிறிய டிராப் டெஸ்ட்டாவது செய்யட்டும்.

முதலில் கணக்கு. 1932-ல் வாக்னர் என்ற ஆய்வாளர் தந்த சூத்திரப்படி, தண்ணீரில் விழும் V வடிவ அடியின் உச்ச அழுத்தம், அடி பக்கவாட்டில் உயரும் கோணத்தைப் பொறுத்தது. விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் கடல்நீரில் விழுந்தால் 20 டிகிரி கோணத்துக்குச் சுமார் 1.6 பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). 10 டிகிரிக்கு அதுவே 6.6 பார். இது விறைப்பான அடிக்கான கணக்கு.

தகடு வளையும்போது கதை மாறுகிறது. தகடு முழுதும் ஈரமாக எடுக்கும் நேரத்தை, தண்ணீரில் இருக்கும்போது அதன் இயல்பான அதிர்வுக் காலத்தோடு ஒப்பிட வேண்டும். 50 செ.மீ. அகலத் தகடு, 10 டிகிரி, விநாடிக்கு 3 மீட்டர் என்றால் ஈரமாக ஏறக்குறைய 19 மில்லி விநாடி. அதிர்வுக் காலம் இதைவிட மிகக் குறைவானால் நிலைப்பளுவாக (அசையாமல் நிற்கும் சுமையாக) கணக்கிடலாம். இரண்டும் நெருங்கிவிட்டால் அது செல்லாது. நடுவில் தகடு உள்வாங்குவதால் அங்கே அழுத்தம் குறைந்து, வெளி விளிம்பில் கூடுகிறது. நடுவே ஃபோம் வைத்த சாண்ட்விச் தகடுகளில் விளிம்பை ஒட்டி ஃபோம் வெட்டுப்பட்டுப் போவது இதனால்தான். மேல்தோல் நன்றாக இருப்பதுபோல் தெரியும், தட்டிப் பார்த்தால் சத்தம் மாறும்.

சோதனைக்கு ஒரு பக்கம் கனமான பிளைவுட், மறுபக்கம் 3 மி.மீ. ஃபைபர் தகடு வைத்த V பெட்டி போதும். அரை மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் விநாடிக்கு 3.1 மீட்டர் வேகம் கிடைக்கும். தகடு எவ்வளவு நீள்கிறது என்று அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜை நடுவில் மட்டும் ஒட்டக் கூடாது, விளிம்பருகிலும் வேண்டும்; தண்ணீர் புகாமல் பூச்சும் கட்டாயம். பதிவு வேகம் விநாடிக்கு 20,000 மாதிரிகளாவது இருக்கட்டும், இல்லையென்றால் உச்சம் நழுவிவிடும். பீசோ வகை (அழுத்தினால் மின்சாரம் தரும் படிகம் கொண்ட) அழுத்த சென்சார் தண்ணீரைவிடச் சூடாக இருந்தால் பொய்யான குறி காட்டும். முன்பே நனைத்து வைக்க வேண்டும்.

பலர் கோட்டைவிடுவது சாய்வில். 10 டிகிரிப் பெட்டி ஒரே ஒரு டிகிரி சாய்ந்து விழுந்தால் ஒரு பக்கம் 9, மறுபக்கம் 11. இரு பக்க உச்ச அழுத்தமும் சுமார் ஒன்றரை மடங்கு வேறுபடும். அதைத் தகட்டின் நெகிழ்ச்சி என்று எழுதிவிடுவார்கள்! வழிகாட்டித் தண்டில் இறக்கி, இரு பக்கத்தையும் மாற்றிப் போட்டு மறுபடி விட்டால் தெரிந்துவிடும். ஒரு முறை விட்ட பிறகு தண்ணீர் அடங்கும்வரை காத்திருக்கவும் வேண்டும்.

மேற்படிப்புக்கு ஐ.ஐ.டி. மெட்ராஸ், ஐ.ஐ.டி. காரக்பூர் இரண்டிலும் கடல்சார் பொறியியல் துறை உண்டு. 2022 முதல், எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வில் நேவல் ஆர்க்கிடெக்சர், மரைன் இன்ஜினியரிங் இரண்டும் சேர்ந்த தனித் தாள் இருக்கிறது. மெக்கானிக்கல் தாள் எழுதியே சேர முடியுமா என்று அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள். வேலைக்கு இந்தியன் ரெஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங், கொச்சி கப்பல் கட்டும் தளம், விசாகப்பட்டினத்தில் டி.ஆர்.டி.ஓ.வின் கடற்படை ஆய்வகமான என்.எஸ்.டி.எல். ஆகியவற்றைப் பார்க்கலாம்.

நேர்காணலில் இப்படி ஒன்று கேட்கலாம்: உச்சம் 6 பார் இருக்க, வகைப்பாட்டுச் சங்க விதிகள் (இந்தியன் ரெஜிஸ்டர் போன்று கப்பல்களுக்குத் தரச் சான்று தரும் அமைப்புகளின் விதிகள்) தகட்டுக்கு அதைவிட மிகக் குறைந்த அழுத்தத்தை ஏன் எடுத்துக்கொள்கின்றன? அந்த உச்சம் ஒரு சிறு பட்டையில், மிகக் குறைந்த நேரத்துக்கு ஓடிப்போவது. முழுத் தகட்டின் மீதும் அது ஒரே நேரத்தில் நிற்பதில்லை. தான் சோதனையில் எடுத்த பதிவை வைத்து இதை விளக்கத் தெரிகிறதா என்று இப்போதே மகளிடம் கேட்டுப் பாருங்கள்.