பதினேழு வருஷ கான்ட்ராக்ட்டா?!

கேள்வி: அமெரிக்கா, கனடால நடக்குற என்எச்எல் ஐஸ் ஹாக்கில ஆளுக்கு நாப்பது வயசு தாண்டியும் ஓடுற மாதிரி கான்ட்ராக்ட் போட்டாங்களே, எதுக்குங்க?

பதில்: எல்லாம் சாலரி கேப்புக்காகத்தாங்க. ஒரு டீம் இவ்வளவுதான் சம்பளம் தரலாம்னு உச்சவரம்பு இருக்கு, ஆனா அதுல அந்தந்த வருஷம் கையில குடுக்குற காசு ஏறாது, மொத்தத் தொகைய வருஷத்தால வகுத்து வர்ற சராசரிதான் ஏறும். அதனால கடைசில சும்மா சில வருஷத்தச் சேத்தா சராசரி இறங்கிடும். 2010ல நியூஜெர்சி டெவில்ஸ் டீம், இல்யா கோவல்சுக்ங்கற வீரருக்கு 17 வருஷம், 102 மில்லியன் டாலர்னு எழுதுனாங்க, அதுல கடைசி அஞ்சு வருஷம் வருஷத்துக்கு வெறும் 5,50,000 டாலர்தான், முடியும்போது அவருக்கு 44 வயசு ஆயிருக்கும்! லீக் ரத்து பண்ணிடுச்சு, அப்புறம் 15 வருஷம், 100 மில்லியன்னு மாத்தி எழுதுனாங்க. அவரு 2013லயே ரஷ்யாவுக்குக் கெளம்பிட்டாரு, அது வேற விஷயம்.

அதே 2013ல லீக்கும் வீரர்கள் சங்கமும் போட்ட ஒப்பந்தத்துல, சொந்த டீம்லயே நீடிச்சா அதிகபட்சம் 8 வருஷம், வெளி டீமுக்குப் போனா 7 வருஷம்னு கட்டுப்பாடு வந்துச்சு. ஆனா பழைய கான்ட்ராக்ட்டையும் விடல, ஆளு சீக்கிரம் ரிட்டயர் ஆனா, டீம் அனுபவிச்ச கேப் லாபத்த, அதாவது சராசரிக்கு மேல கையில குடுத்த காச, திருப்பி அந்த டீமோட கேப் கணக்குல ஏத்துவாங்க. வான்கூவர்ல 12 வருஷத்துக்கு கையெழுத்துப் போட்ட கோல்கீப்பர் ராபர்ட்டோ லுவாங்கோ, 2014லயே ஃப்ளோரிடா டீமுக்குப் போயிட்டாரு. 2019ல அவரு ரிட்டயர் ஆனதும் வான்கூவர் கேப் கணக்குல மூணு சீசனுக்கு, சீசனுக்கு சுமார் 3 மில்லியன் டாலர் ஏறிச்சு. போட்டப்போ சட்டப்படி செல்லுன கான்ட்ராக்ட்டுக்கு பின்னாடி வந்து தண்டனை குடுத்தது அநியாயம்னுதான் நான் சொல்லுவேன்.