பேதி நின்ற பிறகும் கவனம் தேவை

கேள்வி: என் நான்கு வயது மகனுக்குச் சென்ற ஆண்டு இரத்தம் கலந்த பேதி ஏற்பட்டது. அது குறைந்து, தேறிவிட்டான் என்று நிம்மதியடைந்த வேளையில் சிறுநீர் நின்றுபோய், டயாலிசிஸ் வரை சென்று மீண்டான். இப்போது நன்றாக விளையாடுகிறான். இன்னும் பரிசோதனைகள் தேவையா? கைக்குழந்தையான மகளுக்குப் பேதி வந்தால் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: உங்கள் மகனுக்கு வந்தது 'ஹீமோலிட்டிக் யுரீமிக் சிண்ட்ரோம்' ஆக இருக்கக்கூடும்; டிஸ்சார்ஜ் சம்மரியில் 'எச்.யு.எஸ்.' என்று குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஈ.கோலை பாக்டீரியாவின் சில வகைகளும் ஒருவகை ஷிகெல்லா பாக்டீரியாவும் உண்டாக்கும் ஷிகா நச்சு, குடலிலிருந்து இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சேதப்படுத்துகிறது. அங்கே உண்டாகும் உறைகட்டிகளில், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் தீர்ந்துபோகின்றன, அவற்றினூடே நெருக்கிச் செல்லும் சிவப்பணுக்கள் சிதைகின்றன, சிறுநீரகம் செயலிழக்கிறது.

பேதி தொடங்கிய 5 முதல் 10 நாட்களுக்குள், பெரும்பாலும் வயிறு சரியாகிவரும் நேரத்தில்தான் இது தலைகாட்டும் என்பதால், பேதி நின்ற பிறகும் ஒரு வாரமாவது குழந்தையின் சிறுநீரைக் கவனியுங்கள். டயாப்பர் வெகுநேரம் நனையாதிருத்தல், கீழ் இமையின் உட்புறம் வெளுத்தல், அழுத்தினாலும் மறையாத குண்டூசித் தலையளவு சிவப்புப் புள்ளிகள், முகவீக்கம், வழக்கத்துக்கு மாறான சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வலிப்பு வந்தால் ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. நீரிழப்பாலும் சிறுநீர் குறையும் என்பது உண்மைதான். ஆனால் எது காரணம் என்பதை இரத்த அணுக்களின் எண்ணிக்கையும், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் அளவும் சொல்லட்டும், வீட்டில் ஊகிக்க வேண்டாம்.

பேதியின்போது தாய்ப்பாலையும் ஓ.ஆர்.எஸ். கரைசலையும் நிறுத்தாதீர்கள், தொடக்கத்தில் உடலில் நீர்ச்சத்து குறையாதிருப்பது சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பு. சிறுநீர் நின்றுவிட்ட பிறகோ, அளவு மீறிய திரவம் நுரையீரலில் தேங்கிவிடும் என்பதால், எவ்வளவு கொடுப்பது என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். பேதியை அடக்கும் லோபரமைடு, வலிக்குத் தரும் இபுபுரூஃபன் இரண்டும் கூடாது. ஆன்டிபயாடிக்கை நீங்களாக வாங்கிக் கொடுப்பதும் ஆபத்தே: ஷிகெல்லாவுக்கு அது தேவைப்படலாம், நச்சு வகை ஈ.கோலையிலோ சிறுநீரகப் பாதிப்புக்கான வாய்ப்பை அதுவே கூட்டக்கூடும். இரத்தம் கலந்த மலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்வது இதனால்தான்.

மகனைப் பொறுத்தவரை, ஆம், பரிசோதனைகள் தேவை. பெரும்பாலான குழந்தைகள் முழுமையாகத் தேறினாலும், டயாலிசிஸ் தேவைப்பட்ட சிலருக்கு உயர் இரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பல ஆண்டுகள் கழித்துத் தலைதூக்குகின்றன. இரண்டுமே வெளியில் தெரியாதவை. ஆண்டுக்கு ஒருமுறையாவது குழந்தைகளுக்கான அளவுப் பட்டையைக் கட்டி இரத்த அழுத்தம் பாருங்கள்; காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரில் புரதத்தையும், இரத்தத்தில் கிரியாட்டினினையும் சோதித்து, முடிவுகளை ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள்.