சுண்டுவிரலின் சுமை

அன்புள்ள ஐயா,

களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதுகிறேன். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி போன்றவற்றை மொழிபெயர்த்து வீட்டிலிருந்தே தட்டச்சுச் செய்து கொடுக்கிறேன். பாமினி என்ற பழைய எழுத்துருவின் விசை அமைப்பில் பழகிய கை. இரண்டு வருடங்களாகத் தமிழ்99 என்ற விசை அமைப்பு. மாலையானால் வலக்கைச் சுண்டுவிரல் கடுக்கிறது. நாற்பது விசைக்குள் அடங்கும் சிறிய விசைப்பலகை ஒன்றை நானே வடிவமைக்க ஆசை. ஆனால் நான் பார்த்த மாதிரிகள் எதிலும் 'ச' என்ற எழுத்துக்கு இடமில்லை. எதைக் கைவிடுவது? எனக்கு வேலை தரும் அச்சகம் பாமினியில்தான் கேட்கிறது. அதற்கும் இது உதவுமா?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

'ச' காணாமற்போவதைக் கவனித்தீர்களே, அங்கேயே பாதி வேலை முடிந்துவிட்டது. நீங்கள் பார்த்த மாதிரிகள் 26 எழுத்துக்காரர்கள் தங்களுக்காக வரைந்தவை. இடம் போதாவிட்டால் அவர்கள் முதலில் அகற்றுவது சதுர அடைப்புக்குறிகளை. தமிழ்99இல் அந்த இரண்டு விசைகளும்தான் ச, ஞ. நமக்கு உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என்று 31 எழுத்துகள் ஷிப்ட் இல்லாமலே வேண்டும். ஆகவே விசைகளின் எண்ணிக்கையை முதலில் முடிவு செய்யாதீர்கள். எழுத்துகளை எண்ணிவிட்டுப் பலகைக்கு வாருங்கள்.

உங்கள் வலிக்கான காரணமும் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பத்து விரலாலும் முறைப்படி அடிப்பவருக்கு ண, ச, ஞ, ந, ய, ழ ஆகிய ஆறும் வலக்கைச் சுண்டுவிரலுக்கு விழுகின்றன. இடக்கைச் சுண்டுவிரலுக்கு ஆ, அ, ஔ மட்டும். உங்கள் ஊரின் பெயரையே அடித்துப் பாருங்கள். 'ஞ்சி' வரும்போது அந்த விரல் வலது மேல்மூலைக்கு எட்டி ஞ, ச இரண்டையும் அடுத்தடுத்து அழுத்த வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை உறுதிகளில் களுவாஞ்சிகுடி வருகிறது!

இதற்காகத் தமிழ்99ஐ நான் குறை சொல்லமாட்டேன். 'மட்டக்களப்பு' என்ற சொல்லில் மூன்று புள்ளிகள் இருக்கின்றன. ஒன்றையும் நாம் அழுத்துவதில்லை. ட, க, ப ஆகியவற்றை இரட்டித்தால் புள்ளி தானாக விழுகிறது, ஒன்பது தட்டில் சொல் முடிகிறது. அந்த அறிவு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஒன்பதில் எட்டு வலக்கையினுடையவை. சுண்டுவிரலின் சுமையைப் பெரும்பாலும் அதே கையின் மற்ற விரல்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதுதான் நம் வேலை.

கீழ் வரிசையில், வலது நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் அடியில், காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் இருக்கின்றன. நல்ல மனையில் எப்போதாவது வரும் விருந்தாளியைக் குடிவைத்தது போல. காற்புள்ளியின் இடத்தை ச-வுக்கும், முற்றுப்புள்ளியின் இடத்தை ய-வுக்கும் கொடுங்கள். ஞ-வை இடது கீழ்மூலையில் ஔ இருந்த இடத்துக்கு மாற்றுங்கள். இப்போது வரிசைக்குப் பத்தாக மூன்று வரிசை, 30 விசை. வெளியே நிற்பது ஔ ஒன்றுதான்.

அதற்கும் வழி இருக்கிறது. 'அகர உகரம் ஔகாரம் ஆகும்' என்கிறது தொல்காப்பியம். கியூஎம்கே என்ற இலவச மென்பொருளில் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது ஒன்று வரும்படி செய்யலாம். அ, உ இரண்டும் இடக்கையின் நடு வரிசையிலேயே இருக்கின்றன. சேர்த்து அழுத்தினால் ஔ. இந்தப் பொருத்தத்தை முதன்முதலில் கண்ட அன்று கல்லடிப் பாலத்தில் நெடுநேரம் நின்று அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

கட்டைவிரல்களுக்கு ஆறு விசை, மொத்தம் 36. இடப்பக்கம் தமிழ், அடுக்கு (அழுத்திப் பிடித்தால் மற்ற விசைகளுக்கு வேறு வேலை தரும் விசை), அழிப்பு. வலப்பக்கம் இடைவெளி, ஷிப்ட், ஆங்கிலம். அடுக்கை அழுத்தியபடி ச-வைத் தொட்டால் காற்புள்ளி, ய-வைத் தொட்டால் முற்றுப்புள்ளி. பழகிய இடத்திலேயே அவை கிடைக்கும். எண்களும் எண்டரும் அதே அடுக்கில். ஷிப்ட்டைக் கட்டைவிரலுக்குக் கொடுக்கத் தயங்க வேண்டாம். காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம் பெயர்களில் ஹ, ஜ, ஸ, ஷ அடிக்கடி வரும். அவை ஷிப்ட்டில்தான் இருக்கின்றன.

தமிழ், ஆங்கிலம் என்று ஏன் இரண்டு விசை? பலகைக்குத் தமிழ் தெரியாது. அது சதுர அடைப்புக்குறிக்கான குறியீட்டை அனுப்பும். கணினிதான் அதை ச ஆக்குகிறது. மொழி மாற்ற ஒரே விசை வைத்திருந்தபோது பலகையும் கணினியும் வெவ்வேறு மொழிக்குப் போய்விடும். ஆங்கிலக் கடிதத்தில் காற்புள்ளிக்குப் பதில் அடைப்புக்குறி விழும். விண்டோஸில் ஒவ்வொரு மொழிக்கும் தனிக் குறுக்குவிசை அமைக்கலாம். 'தமிழ்' விசை அந்தக் குறுக்குவிசையையும் அனுப்பிப் பலகையின் தமிழ் எழுத்து ஒழுங்கையும் இயக்கட்டும், 'ஆங்கிலம்' அதுபோல. எத்தனை முறை அழுத்தினாலும் பிசகாது.

மின்சுற்றைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 4 வரிசை, 10 நிரல் என்றால் 14 முனை போதும். விசைகளைக் கணினியோடு இணைக்கும் புரோ மைக்ரோ என்ற சிறு மின்சுற்றுப் பலகையில் 18 இருக்கின்றன. விசைக்கு ஒரு டையோடு, அதாவது மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சிறு உறுப்பு, கட்டாயம். அது இல்லாவிட்டால் மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தும்போது அழுத்தாத நான்காவது எழுத்தும் வந்துவிடலாம். ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவுக்கு 19.05 மில்லிமீட்டர், விசையைப் பொருத்தும் துளை 14 மில்லிமீட்டர் சதுரம். பத்து விசையின் அகலம் 190.5 மில்லிமீட்டர், கைப்பையில் அடங்கும்.

பாமினிக்கு இது உதவாது. அங்கே கு, து, மு போன்றவற்றுக்கெல்லாம் தனித்தனி இடம் வேண்டும். 30 விசை தாங்காது. யுனிகோடில் அடித்து, எழுத்துரு மாற்றும் மென்பொருள் ஒன்றின் மூலம் பாமினியாக்கி அச்சகத்துக்குக் கொடுங்கள், கொடுக்குமுன் ஒருமுறை மெய்ப்புப் பாருங்கள்.

டையோடு வாங்குவதற்கு முன் ஒரு வேலை. இப்போதுள்ள பலகையிலேயே ச, ய, ஞ மூன்றையும் மென்பொருளால் இடம் மாற்றி இரண்டு வாரம் உறுதிகளை அடியுங்கள். முதல் சில நாள் வேகம் குறையும். அவசர வேலை இல்லாத வாரமாகப் பார்த்துத் தொடங்குங்கள். அதன் பிறகும் விரல் கடுத்தால் பலகையை ஒதுக்கிவைத்துவிட்டு வைத்தியரைப் பாருங்கள். கடுக்காவிட்டால், எந்தெந்தச் சொற்களில் கை தடுமாறியது என்று எனக்கு எழுதுங்கள்; பலகையை அதற்கேற்ப வரைவோம்.